எஜமானோற்பத்தி: ஓர் ஆராய்ச்சி

சொந்த ஊரில் தன் காப்பிக் கோப்பையைத் தானே கழுவி வந்த ஒருவன், பிழைப்பின் நிமித்தம் அந்நிய தேசம் போன இடத்தில், ஒரு டிரைவருக்கும் ஒரு வேலைக்கார அம்மாளுக்கும் எந்தக் கணத்தில் எஜமானனாகிறான் என்னும் வினாவைத் தமிழறிஞர் எவரும் இதுகாறும் தொடாமைக்கு, அது சங்க காலத்தில் தொடங்காததே காரணம் என்று ஊகிக்கலாம்.

ஆயினும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதற்குப் புராதனப் பிரமாணம் உண்டு. 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டை கட்டிய டச்சுக்காரரும், 1639-க்குப் பின் பக்கத்துச் சென்னையில் குடியேறிய ஆங்கிலேயரும் கரையிறங்கியபோது வியாபாரிகள்தாம். அவர்களைத் துரைகளாக்கியவர்கள் துபாஷிகளும் பட்லர்களும் ஆயாக்களும். (பழவேற்காட்டில் அடிமைகளையும் கப்பலேற்றினார்கள், அது இக்கட்டுரையின் விளையாட்டுக்கு அடங்காது.) 1886-இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி ‘பட்லர் இங்கிலீஷு’க்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது, துரைமார் பேசிய தமிழை அதே சிரத்தையோடு எவரேனும் தொகுத்திருந்தால் இன்னும் பருமனான நூல் கிடைத்திருக்கும்.

இனி, ஒருவனை எஜமானனாக்குபவற்றின் வகைப்பாடு. டிரைவர்: வழி அவருக்கே தெரியுமாதலால் அவரே எஜமானர். வாட்ச்மேன்: சலாம் வைப்பார்.

மூன்றாவது, டம்ளர். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலையொன்றில் வேலை பார்க்கும் கொரியப் பொறியாளர் ஒருவர் எங்கள் அடுக்ககத்தில் குடியிருக்கிறார். எவர்சில்வரில் தண்ணீர் குடித்தே வளர்ந்த நாட்டவராதலால், வேலைக்கு வந்த அம்மாளுக்கு முதல் நாளே காப்பி கலந்து, தாம் குடிக்கும் டம்ளரின் ஜோடியிலேயே ஊற்றிக் கொடுத்துவிட்டார். அன்று மாலையே நவீன துபாஷிகள் மூவர், அடியேன் உட்பட, அவருக்கு உபதேசம் செய்யப் புறப்பட்டோம்.

டம்ளர் மூவகைப்படும்: அன்றாடத்தது, விருந்தாளிக்கானது, சமையலறை ஜன்னலோரம் தனியே கவிழ்த்து வைக்கப்படுவது. மூன்றாவதன் இலட்சணம் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. ‘விளிம்பு நசுங்கியிருத்தல் வேண்டும்’ என்பது முதல் மாடிப் பாடம் (பால்கணக்கு நோட்டு, பின் அட்டை). ‘நசுங்கல் அவசியமன்று; வீட்டார் பெயர் வெட்டப்படாதிருந்தால் போதும்’ என்பது இரண்டாம் மாடிப் பாடபேதம் (மளிகைச் சீட்டு, துவரம் பருப்புக்கும் புளிக்கும் இடையே, எண்ணெய்க் கறையால் சிதைந்த வரி). இவ்விரண்டையும் கண்டித்து, ‘வைக்கும் இடமே இலட்சணம், பாத்திரமன்று’ என்று ஸ்தாபிக்கும் மூன்றாம் மாடி மாமியின் வியாக்கியானம் இன்றளவும் ஏட்டில் ஏறாமல் செவிவழியாகவே வழங்கிவருகிறது (குழாயடி, காலை ஆறு மணி, தண்ணீர் நிற்பதற்குச் சற்று முன்). ‘டம்ளர்’ தூய தமிழ்ச் சொல்லே என நிறுவ எப்படியும் ஒருவர் கிளம்புவார். அவர் எந்த டம்ளர் என்பதையும் உடன் நிறுவக் கடவர்.

கொரியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘எதற்கு?’ என்றார். பூர்வபட்சம் அந்த ஒரு சொல்தான். எங்களிடம் சித்தாந்தம் இருக்கவில்லை. ‘அது வந்து சார், இங்கே வழக்கம்’ என்று இழுத்தேன். காப்பி வந்தது, அதே ஜோடி டம்ளர்களில். மாமி தமக்குச் சர்க்கரை ஆகாது என்றார்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. எங்கள் அடுக்ககத்தில் அதற்கு எங்கே பெயர் பதிய வேண்டும் என்று முதலில் விசாரித்தவர் அந்தக் கொரியர்.