கானாடுகாத்தான் ஹைஸ்கோர்

வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கு லீடர்போர்டில் எத்தனையாவது இடம் என்பது உண்மையிலேயே முக்கியமா? இந்த ஆராய்ச்சிக்கு ஜப்பான் போக வேண்டாம். காரைக்குடியில் பஸ் ஏறி கானாடுகாத்தானில் இறங்கினால் போதும். லீடர்போர்டு ஒன்று சுண்ணாம்பு பூசிக்கொண்டு தெருத்தெருவாக நிற்கிறது.

1979-இல் வந்த ஆஸ்டெராய்ட்ஸ் மெஷின், அதிக ஸ்கோர் எடுத்தவனை மூன்றெழுத்து இனிஷியல் போட விட்டது. அமெரிக்கப் பையன்கள் புல்லரித்துப் போனார்கள். கானாடுகாத்தான் செட்டியார்களுக்கு இது பழங்கஞ்சி. கொள்ளுத்தாத்தா, ஐயா, அப்பச்சி என மூன்று தலைமுறையை எழுத்தெழுத்தாக அடுக்கி, 'விலாசம்' என்று சொல்லி, அதிலேயே வட்டிக்கடை நடத்தியவர்கள் அவர்கள். இன்றும் கானாடுகாத்தானில் வீட்டுக்குப் பெயர் சி.வி.ஆர்.எம்., சி.வி.சி.டி., வி.வி.ஆர்.தான். கட்டியவரின் முழுப்பெயரைக் கேட்டால் ஊரே விழிக்கும்.

வீடு கட்டுவதுதான் ஆட்டம். விதி எளிது. பங்காளி பர்மா தேக்கில் தூண் நிறுத்தினால் நீங்கள் இத்தாலி மார்பிள் இறக்க வேண்டும். அவர் பெல்ஜியம் கண்ணாடி மாட்டினால் உங்கள் வீடு அடுத்த தெரு வரை நீள வேண்டும். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் இன்னொரு தெரு. அடுப்படியில் கருகுவது முகப்புக்குத் தெரிவதற்குள் பந்தி முடிந்துவிடும். சுவர் பளபளக்க முட்டை வெள்ளைக்கரு பூசினார்கள். கோழிகளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

இத்தனைக்கும் ஆட்டக்காரர் ஊரில் இருப்பதில்லை. ரங்கூனிலோ பினாங்கிலோ கணக்கெழுதிக்கொண்டிருப்பார். வீட்டில் ஆச்சியும் பூட்டிய அறைகளும். பிறகு ஸ்கோர் யாருக்காக? எதிர்வீட்டுப் பங்காளிக்காக. உலக அளவில் நாற்பதாயிரமாவது இடம் என்றால் எந்தப் பயலுக்கும் உறைக்காது. கூடப் படிக்கிறவன் ஒரு இடம் மேலே இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

எஸ்.ஆர்.எம்.எம். அண்ணாமலைச் செட்டியார் மட்டும் போர்டையே மாற்றினார். 1912-இல் கானாடுகாத்தானில் அவருடைய அரண்மனை முடிந்தது. அப்புறம் உள்ளூரில் யாரோடு மோதுவது? லண்டன்காரன் பட்டியலுக்குத் தாவி 1923-இல் 'சர்', 1929-இல் 'ராஜா'. அதே ஆண்டு சிதம்பரத்தில் பல்கலைக்கழகமும் வந்தது. பல்கலைக்கழகத்துக்கு எதிரே எந்தத் தூணை நிறுத்துவது? பின்னால் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். போட்டியோ தர்மமோ, பையன்கள் படித்தார்கள்.

மெஷினில் காசு போட்டது யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பர்மா விவசாயி. 1930-இல் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. 1938-க்குள் 25 சதவீதம். ஸ்கோர் எகிறியதே தவிர கையில் ரொக்கம் இல்லை, பர்மாக்காரன் கண்ணில் பகை. 1942-இல் ஜப்பான்காரன் வந்து மெயின் சுவிட்சை அணைத்தான்.

மிச்சம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்பனைக்குக் கிடந்தது: தூண், கதவு, எனாமல் சட்டி. ஒரு காலத்தில் பங்காளியின் வயிற்றெரிச்சலைச் சம்பாதித்த கண்ணாடிக்கு இப்போது பேரம் பேசலாம்.

ஆட்டம் முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. அசல் பட்டியலில் தஞ்சாவூர்க்காரர்கள் 1987-லேயே ஏறிவிட்டார்கள்.