சிறுசக்கர இலக்கணம்: பிரேசர் டவுனை முன்வைத்து ஓர் ஆய்வு

ஸ்டெப்னி பற்றிய பழந்தமிழ்ச் சான்று புறநானூற்றின் 102ஆம் பாட்டில் இருக்கிறது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், பாரம் ஏற்றிய வண்டியின் அடியில் உப்பு வணிகரான உமணர்கள் கட்டி வைக்கும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். காளைகளோ இளையவை, வழியோ மேடும் பள்ளமும், எங்கே என்ன ஆகுமோ என்பது உமணர் கவலை. இதனால் பெறப்படுவன: சாலைகள் அன்றும் அப்படித்தான் இருந்தன; உதிரியை வண்டிக்கு அடியில் மாட்டுவது சி.என்.ஜி. கார்க்காரர்கள் கண்டுபிடித்ததன்று, ஒருவனை ஸ்டெப்னி என்பது சங்ககாலத்தில் பாராட்டு. அது பிற்காலத்தில் வசையான வரலாறு தனி ஆய்வுக்குரியது.

ஆனால் மாற்று அச்சைப் பூட்டிக்கொண்ட உமணர் மெதுவாகப் போகவேண்டும் என்று ஔவையார் சொல்லவில்லை. வீடு சேரும் வரை மட்டும் தாங்கும் உதிரி என்ற கருத்தாக்கத்துக்கு நாம் வேல்ஸ் நாட்டு லனெல்லிக்குப் போகவேண்டும். 1904இல் அவ்வூரைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர்கள் ஆரக்கால் இல்லாத வளையத்தில் காற்றடித்த டயரைப் பூட்டி, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வ வைத்து விற்றார்கள். கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில். ஆகவே நம் டிக்கியில் கிடக்கும் ஒல்லிச் சக்கரத்தைப் புதுக்காலக் கஞ்சத்தனம் என்று ஏசுவோர் வரலாறு அறியாதவர்.

இனி ஆய்வெல்லை. 1898 பிளேக்குக்குப் பிறகு, நெருக்கடியில்லாத சுகாதாரமான பேட்டையாகத் திட்டமிட்டு 1906இல் கால்கோள் இடப்பட்டது பெங்களூரின் பிரேசர் டவுன். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு. பின்னாளில் அது புலிகேசிநகர் ஆனது. காஞ்சி மேல் படையெடுத்த சாளுக்கியன் பெயர் கொண்ட ஊரில் இத்தனை தமிழர் எப்படி நிம்மதியாக வாழ்கிறார்கள் என்று கேட்கலாம். புலிகேசியைப் பெயர்ப்பலகையோடு விட்டுவிட்டு, வாயால் பிரேசர் டவுன் என்றே சொல்லி வாழ்கிறார்கள்.

இக்களத்தைத் தேர்ந்ததற்கு அறிவியல் காரணமும் உண்டு. சிறுசக்கரத்தின் மேல் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகாதே என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நோன்பு மாதத்து இரவில் மாஸ்க் ரோட்டில், கபாப் புகைக்கு நடுவே, இந்த விதியை மீற முயன்றவர் எவரும் வெற்றி பெற்றதில்லை.

2020 அக்டோபர் முதல், ட்யூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. சக்கரம் இருந்த இடத்தில் ஒரு பாட்டில் பசை வந்து உட்கார்ந்தது. ஆணித் துளையைப் பசை அடைக்கும். தோண்டிவிட்டுப் பாதி மூடிய பள்ளத்தின் விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால், பசை ரோட்டில்தான் வழியும். அப்போதுதான் சிறுசக்கரம் தேடிச் சிவாஜி நகர் குஜிரி என்னும் பழைய உதிரிச் சந்தைக்கு ஆள் போகிறது, சென்னைக்காரர் புதுப்பேட்டைக்குப் போவதுபோல.

அங்கே நிகழும் பெரும்பிழை ஒன்றுண்டு. ஸ்விஃப்ட் காரில் 185/65 ஆர் 15 டயர். "பதினஞ்சுக்குப் பதினஞ்சு, கரெக்டா உக்காரும் சார்" என்று கடைக்காரர் 125/70 அளவில் ஒரு பதினைந்து அங்குலச் சிறுசக்கரத்தை உருட்டி விடுவார். கணக்குப் போடுக. காரின் டயர் முழு விட்டம் சுமார் 621 மி.மீ.; உருண்டு வந்ததோ 556. அறுபத்தைந்து மி.மீ. குட்டை! 125/80 அளவில் பதினாறு அங்குலம் என்றால் 606, வித்தியாசம் வெறும் பதினைந்து. ரிம் ஒத்தது டயரால் பொருந்தவில்லை. ஒவ்வாத ரிம்தான் பொருந்துகிறது. குட்டைச் சக்கரத்தை முன்னால் மாட்டினால் எஞ்சின் திருப்பும் இரு சக்கரங்களும் இரு வேகத்தில் சுற்றும். நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் வேலை செய்யும். எனவே முன்சக்கரம் பஞ்சரானால் பின்சக்கரத்தைக் கழற்றி முன்னே போட்டு, சிறியதைப் பின்னே போடுக என்பது விதி. இரண்டு முறை ஜாக்கி ஏற்றவேண்டிய இவ்விதியை வெயிலில் கடைப்பிடித்தவரைக் களஆய்வில் காணமுடியவில்லை.

துளைப் பொருத்தம் இன்னும் நுட்பமானது. மாருதி ஸ்விஃப்டுக்கும் ஹோண்டா சிட்டிக்கும் நான்கு நட்டு, நூறு மி.மீ. வட்டம். ஆனால் நடுத்துளை மாருதிக்கு 54.1, ஹோண்டாவுக்கு 56.1. மாருதிச் சக்கரம் சிட்டியில் ஏறாது. சிட்டிச் சக்கரம் மாருதியில் ஏறும், ஏறி நடுவில் ஆடும். நட்டின் அடியும் ஒன்றுக்கு உருண்டை, மற்றதற்குக் கூம்பு. விட்டத்தையும் துளையையும் வென்ற சக்கரம் பிரேக் காலிப்பரில் உரசித் திரும்பி வருவதும் உண்டு. ஆகையால் வாங்குமுன் முன்பக்கம் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது உத்தமம்.

காலத்தைக் கணிக்கக் கல்வெட்டறிவு தேவை. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ரப்பரில் அழுக்கேறியிருக்கும், எச்சில் தொட்டுத் துடைத்தால்தான் எழுத்துத் தெளியும். டயரின் பட்டன் ஒன்றுகூடத் தேயாமல், பார்க்கப் புத்தம் புதிதாய், உள்ளே வெடிப்போடிக் கிடக்கும் இளமையை நம்பலாகாது.

இத்தனையும் பொருந்தியபின் காற்று. சாதாரண டயருக்கு முப்பத்துச் சொச்சம் பி.எஸ்.ஐ., இதற்கு 60. பஞ்சர் கடைப் பையனிடம் அறுபது என்றால் குழாயைக் கையில் பிடித்தபடி மேலும் கீழும் பார்ப்பான். "இன்னா சார், லாரியா இது?" ஸ்டிக்கரைக் காட்டினாலும் நாற்பதில் நிறுத்திவிட்டு, "போதும் சார், வெடிச்சிடும்" என்பான். பொருத்தங்கள் அனைத்தும் பார்த்து வாங்கிய சக்கரம் தேவைப்படும் நாளில் சப்பையாய்க் கிடப்பதற்கு இதுவே தலையாய காரணம். மற்றொன்று, வாங்கிய பிறகு அதை யாரும் திறந்தே பார்க்காதது.

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. சிறுசக்கரத்துக்கென்று வெட்டிய குழியில் கழற்றிய பெரிய சக்கரம் இறங்காது. டிக்கியில் ஊருக்குப் போகும் பெட்டிகள். ஆகவே சேறும் பிரேக் தூளுமாய் அது பின்சீட்டில், மாமியாருக்குப் பக்கத்தில் ஏறுகிறது. ஆல்பர்ட் பேக்கரிப் பொட்டலம் அவர் மடிக்கு மாறுகிறது. இதற்காகவே பழைய படுக்கைவிரிப்பு ஒன்றை ஸ்டெப்னியின் மேல் மடித்து வைப்போர் உண்டு. அதைத் துவைப்பது யார் பொறுப்பு என்பதில் மட்டும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.