மாட்சிமை தங்கிய ஹவுஸ் ஓனர் அவர்களுக்கு

மகா கனம் பொருந்திய கேம் கம்பெனி சமூகத்துக்குத் தங்கள் குடித்தனக்காரன் எழுதிக்கொள்வது. நான் நலம். தங்கள் நலத்தைப் பங்குச் சந்தைச் செய்திகளில் அவ்வப்போது பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

பெயர் போட்டு விளிக்கவில்லையே என்று கோபிக்க வேண்டாம். என் கணக்கில் இன்னும் சில கேம்கள் மிச்சம் இருக்கின்றன. வாயைக் கொடுத்து அதையும் காலி பண்ணிவிடாதே என்று வீட்டில் எச்சரித்திருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மழையில் எங்கள் தெருவில் ஃபைபர் கேபிள் அறுந்துவிட்டது. கேபிள்காரர் போனை எடுக்கவில்லை. லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் சும்மா உட்கார முடியாமல் நெளிந்துகொண்டிருந்தான். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. பாழடைந்த பங்களாவுக்குள் தனி ஆளாக டார்ச் அடித்துக்கொண்டு பேய் தேடும் அந்த கேமைத் திறந்தேன். தள்ளுபடி வரட்டும் என்று காத்திருக்காமல் முழு விலை கொடுத்துத் தங்களிடம் வாங்கியது. அதில் இணையத்தில் யாரோடும் மோத வேண்டியதில்லை. நானும் பேயும் மட்டும்தான். ராத்திரி முழுக்க இறங்கி, என் ஹார்ட் டிஸ்க்கில்தான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது.

"உரிமையைச் சரிபார்க்க முடியவில்லை. இணையத்துடன் இணைக்கவும்" என்றது திரை.

மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டேன். பாஸ்வேர்ட் சரி, ஆனால் ஆள் சரியா என்று தங்களுக்குச் சந்தேகம். மெயிலுக்கு ஒரு கோடு வந்தது. அந்த மெயிலைத் திறக்க இன்னொரு கோடு. பிறகு ஒன்பது கட்டம் போட்டு, டிராஃபிக் சிக்னல் உள்ள படங்களைத் தேர்ந்தெடு என்றீர்கள். சிக்னல் கம்பம் மட்டும் தெரியும் கட்டத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மாமனும் மருமகனும் விவாதித்தோம். ஒருவழியாக நான் மனிதன்தான் என்று நிரூபணமான பிறகு, கேமின் பெயர் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. "இந்த உள்ளடக்கம் தற்போது உங்கள் கணக்கில் இல்லை."

பையன் கேட்டான்: "மாமா, இது நிஜமாவே காசு குடுத்து வாங்கினதா, இல்ல சும்மா போட்டதா?"

அவன் எதிரில் என்னைத் திருட்டு முழி முழிக்க வைத்த தங்கள் கருணைக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த பங்களாவில் குடியிருக்கும் பேயிடம் தாங்கள் லாகின் கேட்டதாகத் தெரியவில்லை. காசு கொடுத்தவனிடம்தான் கேட்கிறீர்கள்.

தங்கள் உதவி மையத்தை அணுகினேன். அங்கே ஒரு இயந்திரம் என்னைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தது. "உங்கள் சிக்கல் தீர்ந்ததா? ஆம், இல்லை." இல்லை என்று அழுத்தினேன். வருத்தம் தெரிவித்துவிட்டு அதே பக்கத்தை மறுபடி கொடுத்தது. என்னை மனிதன்தானா என்று சோதித்தவர்கள் தங்கள் பக்கம் ஒரு மனிதரைக்கூட உட்கார வைக்கவில்லை பாருங்கள், அந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஐயா, சென்னையில் ஆயுசில் பாதியை வாடகை வீட்டில் கழித்தவன் நான். ஹவுஸ் ஓனர்களின் மகாத்மியம் எனக்குத் தெரியும். பத்து மாச அட்வான்ஸ் கேட்பார்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. சொந்தக்காரர்கள் இரண்டு நாளைக்கு மேல் தங்கினால் தண்ணீர் மோட்டார் திடீரென்று ரிப்பேராகும். கருவாடு பொரித்தால் மாடியிலிருந்து இருமல் சத்தம் கேட்கும். ஆனால் அவர்களில் ஒருவர்கூட, நான் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் பூட்டை மாற்றிவிட்டு, "இந்த வீடு தற்போது உங்கள் கணக்கில் இல்லை" என்று சொன்னதில்லை. காலி பண்ணச் சொன்னால் நோட்டீஸ் கொடுப்பார்கள். அட்வான்ஸில் வெள்ளையடித்த காசைப் பிடித்துக்கொண்டாவது மீதியைத் திருப்பித் தருவார்கள். அவர்கள் தொழில் கற்க வேண்டுமென்றால் தங்களிடம்தான் வர வேண்டும்.

தங்கள் அக்ரிமென்ட்டையும் படித்தேன். பதினோரு மாதமெல்லாம் இல்லை, தாங்கள் இஷ்டப்படும் வரை. நடுவில் ஷரத்துகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசி வரை உருட்டிப்போய் "ஒப்புக்கொள்கிறேன்" என்பதை நான் அழுத்தாவிட்டால் வாசலைத் தாண்ட முடியாது.

இது தங்கள் ஒருவரின் சாதனை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பரம்பரை பெரியது. 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலின் ஒரு பதிப்பை வாங்கியவர்களின் கிண்டில் கருவிக்குள் கை விட்டு அழித்தது. விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். எத்தனையோ புத்தகம் இருக்க, எல்லாரையும் கண்காணிக்கும் அரசைப் பற்றிய நாவலில் போய்க் கை வைத்தார்களே, அந்த ரசனையைப் பாராட்டத்தான் வேண்டும். 2013-இல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கேம் பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் வந்து ஆஜர் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தது. தினமும் கதவைத் தட்டி "உள்ளே யார்?" என்று கேட்கும் ஓனர். ஆட்டக்காரர்கள் போட்ட கூச்சலில், பெட்டி கடைக்கு வரும் முன்பே அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அன்றைக்குக் கூச்சல் போட்டால் காது கேட்டது.

பிறகு வந்தது யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி. 2014-இல் விற்ற 'தி க்ரூ' கார் ஓட்டும் கேம். அமெரிக்காவையே சுருக்கி வரைந்து, கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை ஒரே ஓட்டமாக ஓட்டலாம் என்று விற்றார்கள். தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை அணைத்தார்கள். வட்டு வடிவில் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவருக்கும் அதே கதிதான். சில நாள் கழித்து, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்துக்கொண்டார்கள். வீட்டை இடித்தது போதாது என்று வாடகை ரசீதையும் வந்து வாங்கிக்கொண்டு போன மாதிரி. கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் வழக்குப் போட்டதும், அவர்கள் வாங்கியது உரிமம் மட்டும்தான், கேமை அல்ல என்று கம்பெனித் தரப்பு வாதாடியது.

அதே கலிஃபோர்னியா 2024-இல் ஒரு சட்டம் போட்டது. கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல், சொந்தமாகத் தருவது போல டிஜிட்டல் சரக்கை விற்கக்கூடாது. 2025 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன்பே ஸ்டீம் என்ற கேம் கடையில் பணம் கட்டும் இடத்தில் அந்த எச்சரிக்கை வரி வந்துவிட்டது. சந்தோஷம். கழுத்தைப் பிடித்துத் தள்ளும் முன் இனிமேல் எழுத்துபூர்வமாகச் சொல்லிவிட்டுத் தள்ளுவார்கள். ஸ்டீம் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது என்பது அதன் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆயுசுக்கும் சேர்த்த கேம்களை அக்கா மகனுக்கு உயில் எழுதலாம் என்று நினைத்திருந்தேன். குடித்தனக்காரன் செத்தால் பாத்திரம் பண்டமும் ஓனருக்கே என்று எந்த ஊர் அக்ரிமென்ட்டிலும் நான் பார்த்ததில்லை.

பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள் என்பீர்கள். எங்கே பார்ப்பது? ஐபோனில் கேம் போட வேண்டுமா, இங்கே ஆப்பிளின் கடை ஒன்றுதான். ஆண்ட்ராய்டில் கூகுளின் கடையை விட்டால் வேறு வழி உண்டு என்பார்கள், அந்தப் பக்கம் காலை வைத்தால் 'ஆபத்து' என்று போனே பயமுறுத்தும். இரண்டு கடைகளிலும் பல வருஷம் வழக்கமான கமிஷன் 30 சதவீதம். 2020 ஆகஸ்டில் எபிக் கம்பெனி, 'ஃபோர்ட்நைட்' கேமில் பணத்தை நேராக என்னிடமே கட்டுங்கள் என்று ஒரு வழி வைத்தது. அன்றைக்கே ஆப்பிளும் கூகுளும் அந்த கேமைக் கடையிலிருந்து தூக்கிவிட்டன. எதிரெதிர் வீட்டு ஓனர்களுக்குள் ஜென்மப் பகை, ஆனால் வாடகை விஷயத்தில் என்ன ஒற்றுமை!

நம் நாட்டுப் போட்டி ஆணையமும் சும்மா இல்லை. 2022 அக்டோபரில் கூகுளுக்கு ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம், அடுத்த சில நாளில் பிளே ஸ்டோர் விவகாரத்தில் 936.44 கோடி. பின்னது மேல்முறையீட்டில் 216.69 கோடியாக இளைத்தது. எனக்கு என் தெரு ஓனர் ஒருநாளும் இப்படித் தள்ளுபடி கொடுத்ததில்லை.

கணினியின் கதையும் கேளுங்கள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், பட்டியலில் உள்ள பிராசஸர் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் இந்தப் பரீட்சையில் ஃபெயில். கட்டிடம் உறுதியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓனருக்கு வாசல்படியின் டிசைன் பிடிக்கவில்லை, இடி என்கிறார்.

நான் ஒன்று கேட்கிறேன். யார் காசு இது? முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்துவிட்டு, மீதியில் பயந்து பயந்து ஒரு கேம் வாங்குகிற பையனின் காசு. மூவாயிரம், நாலாயிரம் என்று விலை வைக்கிறீர்கள். எங்கள் ஊர் சம்பளக்காரனுக்கு அது பெரிய காசு. வாங்கும்போது அவனிடம் நீங்கள் எதையும் நிரூபிக்கவில்லை, அவன் மட்டும் தினமும் உங்களிடம் நிரூபிக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு பொருளைப் பிடுங்குவதற்கு எங்கள் ஊரில் மோசடி என்று பெயர். கோட் போட்டுக்கொண்டு செய்தாலும் அதே பெயர்தான்.

மன்னிக்க வேண்டும். குடித்தனக்காரன் குரல் மாடி வரை கேட்கக்கூடாது என்பது அக்ரிமென்ட்டில் இருக்கும். இறக்கிக்கொள்கிறேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு காலத்தில் பிளாட்பாரத்தில் சி.டி. விற்றார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் வட்டு, மேலே மார்க்கரில் கோணல் எழுத்தில் கேமின் பெயர். உள்ளே 'கிராக்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதிலிருப்பதை எடுத்துப் பழைய ஃபைல் மேல் ஒட்டினால் முடிந்தது வேலை. திருட்டுத்தான், சப்பைக்கட்டு கட்டவில்லை. ஆனால் அன்றைக்குத் திருட்டு சி.டி. வாங்கியவனின் 'வைஸ் சிட்டி' கேம் இன்றும் மழையில் கேபிள் அறுந்தாலும் ஓடும். பில்லோடு வாங்கிய என் பங்களா பூட்டிக் கிடக்கிறது. திருடன் சொந்த வீட்டில், நாணயஸ்தன் தெருவில். திருட்டு ஏன் ஒழியவில்லை என்று தாங்கள் மாநாடு கூட்டும்போது இதையும் ஒரு பேச்சாளர் சொன்னால் நல்லது.

சர்வர் செலவு உனக்கென்ன தெரியும் என்று தாங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆயுசு முழுக்க சர்வர் ஓட்டுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. 'நாக்அவுட் சிட்டி' என்றொரு கேம். முழுக்க முழுக்கக் கூட்டமாக ஆடுவது. 2023 ஜூனில் அதன் சர்வர்களை மூடியபோது, ஆட்டக்காரர்களே சொந்தமாக சர்வர் நடத்திக்கொள்ளும்படி ஒரு பதிப்பை வெளியிட்டார்கள். சின்ன கம்பெனியால் முடிந்தது. 'தி க்ரூ' மூடப்பட்ட கோபத்தில் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய 'கேம்களைக் கொல்லாதே' இயக்கம் கேட்டதும் இதைத்தான். அந்தக் கோரிக்கைக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். யூபிசாஃப்ட்டே, அடுத்து வந்த 'தி க்ரூ 2'-க்கு இணையமில்லாமல் ஆடும் வழி தருவோம் என்று 2024-இல் இறங்கி வந்தது. ஆக, முடியாத காரியமில்லை. மனசில்லாத காரியம்.

ஆகவே எங்கள் ஹவுஸ் ஓனர் சமூகத்துக்கு அடியேனின் விண்ணப்பம். தனி ஆள் ஆடும் கேமுக்கு இணையம் கேட்காதீர்கள். கடையைக் கட்டும் நாளில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டும் முடியாதென்றால், எந்தத் தேதி வரை குடியிருக்கலாம் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். பேய் பங்களாவின் காசை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள். வெள்ளையடித்த செலவைப் பிடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கும்
தங்கள் விசுவாசமுள்ள குடித்தனக்காரன்

பி.கு. (இது ஓனருக்கு அல்ல, சக குடித்தனக்காரர்களுக்கு): ஜி.ஓ.ஜி. என்ற கடையில் வாங்கும் கேம்களின் இன்ஸ்டாலரை இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு யாரிடமும் அனுமதி கேட்காமல் போடலாம். வேண்டிய கேம் அங்கே இருந்தால் அங்கேயே வாங்குங்கள். வாங்கிய கையோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வையுங்கள்.