வீட்டோடு மாப்பிள்ளையும் தனிக்குடித்தனமும்

கேள்வி: அத்திப்பட்டில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறேன். சொந்தத் தொழில் தொடங்க ஆசை. 'உறைவிடத் தொழில்முனைவோர்' என்கிறார்களே, யார் அவர்கள்? அவர்களிடம் நான் கற்க என்ன இருக்கிறது?
- ஒரு வாசகர், மீஞ்சூர்

பதில்: தொழில் உலகின் வீட்டோடு மாப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழில் வளர்ப்பகம் ஒன்றில் உட்கார இடமும் ஆலோசனையும் கைச்செலவுக்குப் பணமும் கிடைக்கும். மத்திய அரசின் 'நிதி' திட்டத்தில் மாதம் 30,000 ரூபாய் வரை தருகிறார்கள். ஆனால் தவணை முடிந்ததும் தனிக்குடித்தனம் போயே ஆகவேண்டும்!

அப்படிச் சென்னை ஐஐடியின் தொழில் வளர்ப்பகத்தில் வளர்ந்த ஏத்தர் மின்ஸ்கூட்டர் நிறுவனத்தின் கதை உங்களுக்கு நெருக்கமானது. நிறுவனர்களில் ஒருவரான தருண் மேத்தா முதலில் வேலை பார்த்தது, உங்கள் பக்கத்து எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்ட் நிறுவனத்தில். 2013-இல் அவரும் ஸ்வப்னில் ஜெயினும் தொடங்கியபோது மின்ஸ்கூட்டருக்கு பேட்டரி செய்வதுதான் எண்ணம். அன்று சந்தையில் இருந்த ஸ்கூட்டர்களைப் பார்த்தார்கள். அவற்றுக்கு நல்ல பேட்டரி மாட்டிப் பயனில்லை என்று புரிந்தது. குதிரைக்கு லாடம் செய்யப் போனவர்கள் குதிரையையே வளர்த்தார்கள். வண்டி விற்பனைக்கு வந்தது 2018-இல். ஐந்து வருடம்! அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

வேலையை இப்போதே விடாதீர்கள். உங்கள் ஷிப்டில் எந்தப் பாகம் அடிக்கடி பழுதாகிறது, எவ்வளவு நேரம் வேலை நிற்கிறது என்று ஆறு மாதம் நோட்டில் எழுதுங்கள். பிறகு அந்த நோட்டோடு தரமணியில் இருக்கும் சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்காவுக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள்.