மலையகத்துக் குளிர்கால விளையாட்டு

பின்லாந்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு மூழ்குகிறார்கள். நோர்வேயில் பனிச்சறுக்குக் கட்டை மாட்டிக் காடு மேடெல்லாம் கடக்கிறார்கள். உடம்புக்கு நல்லதாம். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் சறுக்கப் பனி கிடையாது. தை விடியலில் துகள் உறைபனி மட்டும் விழும், கொழுந்து கருகும். அதற்காக நம் தோட்டத்துச் சனம் பின்தங்கிவிடுமா? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, தலையில் கயிறு மாட்டிய கூடையோடு சரிவேற்றம், பொழுது சாயப் பீலித் தண்ணீரில் குளியல்: 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டதற்குப் பின், பரம்பரை பரம்பரையாக இதே பயிற்சிதான்.

வித்தியாசம் சின்னது. அங்கே விறைப்பதற்குக் காசு கட்டுகிறார்கள். இங்கே விறைத்த விரலோடு கொய்து, கிலோ குறைந்தால், அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான்!