வெனிஸ்: படுக்கையும் பந்தியும்

கேள்வி: வெனிஸ் நகருக்குச் சில நாள் போய்வர விரும்பும் நடுத்தர வருவாய்க்காரர், கையைக் கடிக்காமல் தங்கவும் வாய்க்கு ருசியாக உண்ணவும் வழி உண்டா?

பதில்: உண்டு, தூங்கும்போது கால்வாய் கண்ணுக்குத் தெரியாது என்பதை ஏற்பவருக்கு அது எளிது. கடற்கழிக்கு இப்பால் நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் அறை வாடகை பொதுவாகக் குறைவு என்பதோடு, அங்கிருந்து 1846இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தின் வழியே ஏறத்தாழ 10 நிமிடங்களில் தீவு நகரை அடைந்துவிடலாம். மெஸ்த்ரேயும் வெனிஸ் மாநகராட்சிக்குள் அடங்குவதால், பகலில் வந்து திரும்புவோரிடம் நெரிசல் மிகுந்த நாள்களில் 2024 முதல் வசூலிக்கப்படும் நுழைவுக் கட்டணம் அங்குத் தங்குவோருக்கு இல்லை. தங்கும் வரி மட்டும் தனியே உண்டு (மாநகராட்சி எங்கும் மாநகராட்சியே).

உணவுக்கு, 'பாக்கரோ' எனப்படும் சிறு மதுக்கடைகளே கதி. அங்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் 'சிக்கெத்தி' என்னும் சிறுதீனிகளில், உலர்த்திய காட் மீனை வேகவைத்து எண்ணெய் விட்டுக் கடைந்து ரொட்டித் துண்டில் குவித்ததும், பொரித்த மத்தியை வெங்காயம், வினிகர், உலர்திராட்சையோடு ஊறவைத்ததும் தவறவிடக் கூடாதவை. நின்றபடி உண்பவருக்கு ஒரு விலை, அமர்பவருக்கு வேறு விலை என்பது பல கடைகளின் வழக்கம். உணவகங்களிலோ 'கோப்பெர்த்தோ' என்ற பெயரில், மேசைக்கும் ரொட்டிக்குமான தலைக்கட்டணம் தானாகவே பில்லில் ஏறும். மீன் விலையை அடுத்து 'எத்தோ' என்று காணப்பட்டால் அது 100 கிராமுக்கான விலை என்பதால், அடுப்பில் ஏறும் முன்பே எடையைக் கேட்டுவிடுவது நலம். கேட்காதவருக்கு, முள்ளே இல்லாத மீனும் பில் வரும்போது தொண்டையில் சிக்கும்.