மகாமகக் கூட்டம்

சென்னையில் பஸ்ஸும் புறநகர் ரயிலும் தத்தம் பரிபாலனத்தில், ஒன்றின் முகத்தை ஒன்று பாராமல் ஓடிக்கொண்டிருக்க, இவற்றை ஒருங்கிணைக்கவென்றே ஒரு பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் வேண்டுமென்று 2010-ஆம் ஆண்டில் சட்டசபை சட்டமியற்றியது. அக்குழுமம் தன் முதற் கூட்டத்துக்கு வந்து சேர்ந்ததோ 2022 நவம்பரில். கும்பகோணத்து மகாமகத்துக்கும் பன்னிரண்டு ஆண்டுதான். ஆனால் அங்கே ஸ்நானமாவது கிட்டும்.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை 2008-இல் ஆரம்பிக்கப்பட்டு, ஆதம்பாக்கத்தில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் நின்றது. பறப்பதற்கும் பூமியில் கால் ஊன்ற இடம் வேண்டுமல்லவா? இத்தகைய இடைவெளிகளைப் பூர்த்திசெய்ய எந்த வரைபடத்திலும் காணாத ஷேர் ஆட்டோ வந்தது. ஐவருக்கான ஆசனத்தில் எண்மரை அதன் ஓட்டுநர், ஒரு கூட்டமும் கூட்டாமலே, ஒருங்கிணைத்துவிடுகிறார்.